ஊரடங்கில் பதற்றமும் பசியில்லாச் சாப்பாடும்: துண்டுப்பிரசுரத்துக்குக் கருத்துத் தேவை

கனகராயன்:
வணக்கம். கொரோனாவால் 2021 ஒகஸ்ட் 20 இலிருந்து திரும்பவும் ஊரடங்கு. உலர் உணவுப் பொதியோடு சேர்த்து வீடு வீடாகக் கொடுக்க எங்கள் மாதர் சங்கம் ஒரு துண்டுப்பிரசுரம் கேட்டிருக்கிறது. ஒரே தாள், இரண்டு பக்கம். நோய்ப் பயத்தாலும் வருமானக் கவலையாலும் பசியில்லாமலே ஓயாமல் சாப்பிடுவது பற்றியது. பல வீடுகளில் இதுதான் நிலை: பகலில் பத்துத் தேத்தண்ணி, இரவு பன்னிரண்டு மணிக்குப் பிஸ்கற் பெட்டி. வரைவில் இப்போது இருக்கும் வரிகள்: "சோற்றைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு நேரச் சாப்பாட்டை விடுங்கள். மனதைக் கட்டுப்படுத்துங்கள். தினமும் நடவுங்கள்." இதில் எது சரி, எது பிழை, எதைச் சேர்க்கவேணும் என்று விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் குடும்பங்கள் கையில் எடுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேணும்.

பாலைநிழல்:
தம்பி, "ஒரு நேரத்தை விடுங்கள்" என்ற வரியை முதலில் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். இரவில் அள்ளிச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள். காலையில் ஒரு தேத்தண்ணி, மத்தியானம் இரண்டு மணிக்குச் சோறு, பிறகு இரவு ஒன்பது வரை ஒன்றுமில்லை. ஏழு மணிநேர வெறும் வயிற்றோடு செய்தியையும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனக்கட்டுப்பாடும் நிற்காது. பதற்றத்தில் உடல் கோர்ட்டிசோல் என்ற சுரப்பைக் கூட்டும். அது நாளாக நாளாக இனிப்பும் கொழுப்பும் உள்ள சாப்பாட்டில் ஆசையை ஏற்றும். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரலின் கூடி, "போதும்" என்று சொல்லும் லெப்டின் குறையும். இந்த மூன்றும் ஒரே வீட்டில் ஒரே இரவில் சேருகின்றன. இதற்கு ஆளின் பலவீனம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

ஆகவே முதல் வரி இப்படி இருக்கட்டும்: விடிந்து ஒன்றரை மணிநேரத்துக்குள் காலைச் சாப்பாடு. அதன்பின் நான்கு மணிநேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு சின்னச் சாப்பாடு. நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டலாம்: 7.30, 10.30, 1.00, 4.30, 7.30. முதல் கிழமை அளவைக் குறைக்கச் சொல்லவே கூடாது, நேரத்தைப் பிடித்தால் போதும். நேரம் நிலைத்த பிறகுதான் கோப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

"சோற்றைப் பாதியாக" என்பதும் தனியே நின்றால் பிழைதான். சோற்றைக் குறைத்த இடத்தில் கீரையும் பருப்பும் மீனும் வராவிட்டால் குறைத்தது இரவில் பிஸ்கற்றாகத் திரும்பி வரும்.

நந்திக்கடலோரம்:
பாலைநிழல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வன்னியில் இதைப் பேசும்போது 2009 இறுதிப்போரை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதற்கு முந்தைய பொருளாதாரத் தடைக் காலத்தையும்தான். வரிசை, ஒலிபெருக்கி அறிவித்தல், சீருடை, அடையாள அட்டை பார்த்து வெளியே விடுவது, கடையில் சாமான் இல்லாமல் போவது: வேறு ஊரில் இவை வெறும் சிரமம். இங்கே உடம்பு பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஆள் அதை நினைக்காமல் இருந்தாலும் கை அரிசி மூட்டையைத் தேடும். இப்போது சீனிக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடு வேறு.

பட்டினி கிடந்த உடம்பு எப்படி நடக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் அன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 கிழமை அரைப்பட்டினியில் வைத்து அவதானித்தார். உடல் நிறை ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், கோப்பையை நக்கினார்கள். முக்கியமானது அதன் பிறகு நடந்தது. தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பின்னும் சிலருக்கு வயிறு முட்டிய பிறகும் பசி அடங்கவில்லை, மாதக்கணக்கில். வேண்டுமென்றே, கெடு வைத்து, வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்த பட்டினிக்கே இப்படி. குண்டுக்கு நடுவில், பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தான் கிடந்த தாய்க்கு எப்படி இருக்கும்?

ஆகவே தலையணைக்குக் கீழே பிஸ்கற் வைக்கும் அம்மம்மாவிடம் பறிக்கக்கூடாது. பறித்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு ஒளிக்கப்படும், அவசரமாகத் தின்னப்படும். செய்யவேண்டியது வேறு. இறுக்கமான மூடியுள்ள ரின் ஒன்றை அவருக்கே அவருக்கென்று கொடுக்கவேணும். ஒரு பக்கெற் கிறீம் கிறாக்கர், ஒரு பேணி அவித்து உலர்த்திய கச்சான், ஒரு துண்டு பனங்கட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கண்முன் திறந்து, பழுதானதைக் காட்டி எடுத்து, அதே இடத்தில் புதியதை அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கோ. ரின்னை வேறு யாரும் தொடக்கூடாது, பேரப்பிள்ளைகளும்தான். "நாளைக்கும் இருக்கும்" என்று வாயால் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது, நிரம்பின ரின்னைக் கையால் தூக்கிப் பார்த்தால் ஏறும். கச்சானில் பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்டால் கழுவித் தின்னக் கொடுக்காமல் முழுதாக எறியுங்கள். அந்த நஞ்சு ஈரலுக்குப் போகும், வறுத்தாலும் போகாது.

வவுனிக்குளத்தாள்:
எல்லாரும் பெரிசா எழுதீட்டீங்கள், நான் அடுப்படி விசயத்தை மட்டும் சொல்லுறன்.

காலமை பாணும் சம்பலும் மட்டும் எண்டால் பத்து மணிக்குத் திரும்பப் பசிக்கும். வெள்ளை மா கெதியாச் சமிச்சிடும், புரதம் கொஞ்சம்தான். அதே பாணோட ஒரு முட்டை, இல்லாட்டி பருப்புக்கறி ஒரு அகப்பை வைச்சால் மத்தியானம் வரை தாங்கும். புட்டு எண்டால் குரக்கன்மாவும் சிவப்பரிசி மாவும் ஒண்டுக்கொண்டு. குரக்கனுக்குக் கொதிதண்ணி விட்டால் களியாப் போகும். உப்புப் போட்ட ஆறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு விரல் நுனியால உதிர்க்கவேணும், பிடிச்சால் பிடியாகி, தட்டினால் உதிரவேணும், அதுதான் பதம். அவிச்ச பயறு ஒரு கை அதுக்குள்ள கலந்து, ஆவி வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிசம். சக்கரையை மேல கொட்டாமல் சம்பலோட, இல்லாட்டி மீன் சொதியோட.

பத்தரைக்கும் நாலரைக்கும் என்ன குடுக்கிறது எண்டு கேப்பீங்கள். அவிச்ச கச்சான் உள்ளங்கை நிறைய, கோதில்லாமல் 30 கிராம் வரும். புழுக்கொடியல் இரண்டு மூண்டு துண்டு. இது நல்ல சாமான், மென்று முடிக்க நேரம் எடுக்கும், நார் கூட, வாயும் கையும் வேலையா இருக்கும். வயித்தில இருந்து "காணும்" எண்ட சேதி வர இருபது நிமிசம் எடுக்குமாம், புழுக்கொடியல் அந்த இருபது நிமிசத்தைத் தானாப் பிடிச்சு வைக்கும். மோர் ஒரு தம்ளர், சீரகமும் கறிவேப்பிலையும் போட்டு.

இனித் தேத்தண்ணி. உண்மையான பிரச்சினை இங்கதான். தட்டையா ஒரு தேக்கரண்டிச் சீனி 4–5 கிராம். ஒரு தேத்தண்ணிக்கு மூண்டு, ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி: 12 கரண்டி, 48–60 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது எண்டு சொல்லுறது நாளைக்கு 25 கிராம், அதிகபட்சமே 50 தான், அதுவும் தேத்தண்ணியில மட்டுமில்லை, பிஸ்கற், சோடா எல்லாம் சேர்த்து. ஒரேயடியா நிப்பாட்டச் சொன்னால் ஒருத்தரும் செய்யமாட்டினம். கிழமைக்கு அரைக்கரண்டி குறைக்கச் சொல்லுங்கோ, நாக்கு பழகிடும். இல்லாட்டிப் பழைய முறை: வெறுந்தேத்தண்ணி, சுண்டுவிரல் நுனியளவு பனங்கட்டி கடிச்சுக் குடிக்கிறது. பனங்கட்டியும் சீனிதான், "உடம்புக்கு நல்லது" எண்டு குட்டானைக் காலி பண்ண வேண்டாம், கடிச்சுக் குடிச்சால் அளவு தானாக் குறையும், அவ்வளவுதான். பின்னேரம் நாலரைக்குப் பிறகு சாயம் வேண்டாம். தேயிலையின்ர கபேன் பாதியாக் குறையவே அஞ்சு மணித்தியாலம் போகும், நித்திரை கெட்டால் நடுச்சாமப் பெட்டி திறக்கும்.

மருந்துப்பெட்டி:
இந்த இழையில் இதுவரை வராத ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் மாத்திரை எடுக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இரத்தத்தில் சீனி குறைந்தால் வரும் அறிகுறிகள்: கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத பயம். பதற்றத்துக்கும் இதேதான். "மனதைக் கட்டுப்படுத்துங்கள், சாப்பிடாதீர்கள்" என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு ஒருவர் சீனி இறங்கி விழக்கூடாது.

குளுக்கோமீற்றர் இருந்தால் உடனே பாருங்கள். 70 (mg/dL) க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டிச் சீனி அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, இன்னும் 70 க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. ஏறின பிறகு ஒரு துண்டு பாண் அல்லது சோறு. மீற்றர் இல்லாதவர், மேலே சொன்ன மருந்தில் இருப்பவர் என்றால், சீனி குறைந்ததாகவே எடுத்துக்கொண்டு இதைச் செய்யவேண்டும், பதற்றமாக இருந்தால் இந்த ஒரு தம்ளரால் கேடு வராது. நினைவு தப்பினவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது.

கொரோனா வந்து தேறியவர்களுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் டெக்சாமெதசோன் கொடுக்கப்பட்டிருந்தால் பசியும் இரத்தச் சீனியும் அந்த நாட்களில் ஏறும். நீரிழிவு உள்ளவர் வீடு திரும்பிய பிறகும் சில நாள் சீனியைப் பார்க்கவேண்டும். மணமும் சுவையும் போனவர்கள் "ஒன்றும் பிடிக்குதில்லை" என்று உப்பையும் சீனியையும் கூட்டிக்கொண்டே போவார்கள். அவர்களுக்குத் தேசிக்காய்ப் புளி, மிளகு, இஞ்சி, மொறுமொறுப்பு, சூடு–குளிர் மாற்றம் உதவும். மனநல மருந்துகளில் ஒலன்சபின், மிர்ட்டசபின், அமிற்ரிப்ரிலின் பசியைத் தூண்டும். அதைக் கண்டு மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது, கிளினிக்கில் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

கனகராயன்:
நன்றி அண்ணை. "ஒரு நேரம் விடுங்கள்", "மனதைக் கட்டுப்படுத்துங்கள்" இரண்டையும் எடுத்துவிட்டேன். இன்னொரு கேள்வி. புரட்டாதிச் சனி வருகிறது. பல அம்மாக்கள் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம். அதைப் பற்றி என்ன எழுதுவது? விரதத்தை விடு என்று எழுதினால் தாளைக் கிழித்து அடுப்பில் போடுவார்கள்.

பாலைநிழல்:
விட வேண்டாம். நோயில்லாதவர் என்றால் விரத நாளில் காலையில் பால் அல்லது மோரும் இரண்டு வாழைப்பழமும், மத்தியானப் படையல் சாப்பாட்டில் பருப்பும் கீரையும் கூட, இரவு அவித்த பயறு அல்லது பழம். வெறும் தேத்தண்ணியில் ஓட்டுவதுதான் பாறணையில் அள்ளிச் சாப்பிடவைக்கிறது. இன்சுலின் போடுகிறவர், கர்ப்பிணி, பால் கொடுப்பவர் மரக்கறிச் சாப்பாட்டை விரதமாக வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் சாப்பிடவேண்டும். நேர்த்திக்கு அது குறைவில்லை.

முறிகண்டி வீதி:
நீங்கள் எல்லாரும் கையில் சாப்பாடு இருக்கிற வீட்டை வைத்தே எழுதுகிறீர்கள். நாட்கூலி வீட்டில் கதை வேறு. மேசன் வேலை இல்லை, கடல் இல்லை, பசளை இல்லாமல் பெரும்போகத்துக்கு விதைப்பதா என்றே தெரியாத கமக்காரன். பொதி வந்த மூன்று நாளும் நல்ல சாப்பாடு, பதினோராம் நாள் வெறும் கஞ்சி. இந்த ஏற்ற இறக்கமே பதற்றத்தையும் அள்ளிச் சாப்பிடுவதையும் வளர்க்கிறது. ஆகவே தாளில் முதலில் வரவேண்டியது பொதியைப் பிரிக்கும் கணக்கு.

ஐந்து பேர் வீடு, பத்துக் கிலோ அரிசி, பதினான்கு நாள் என்று வையுங்கள். நாளைக்கு 700 கிராம், சுண்டால் அளந்தால் மூன்றும் கொஞ்சமும். பருப்பு ஒரு கிலோ என்றால் நாளைக்கு 70 கிராம். சீனி ஒரு கிலோவும் அதே 70 தான், ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி. பொதி வந்த அன்றே பருப்பையும் சீனியையும் இரண்டு போத்தலாகப் பிரித்து "முதல் கிழமை", "இரண்டாம் கிழமை" என்று எழுதிவிடவேணும். மாவைக் கடைசிக்கு வைத்தால் வண்டு விழும், அதை முதல் கிழமையில் முடியுங்கோ. மீதி இடைவெளியை முற்றம் நிரப்பவேணும்: முருங்கை இலை, பொன்னாங்காணி, மரவள்ளி, பப்பாக்காய். இவை காசில்லாமல் கோப்பையின் பாதியை நிறைக்கும்.

அடுத்தது, யாரும் எழுதாத ஒன்று. பெண் தலைமை வகிக்கும் வீடுகள் வன்னியில் எத்தனை! தாய் கடைசியாகச் சாப்பிடுகிறாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் நின்றபடி, இரவு ஒன்பதரைக்கு, அடிச்சோற்றையும் பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் வேகமாக. அது சாப்பாட்டுக் கணக்கிலும் வராது, வயிறும் அறியாது. பிறகு எல்லாரும் படுத்த பின் தனியாகச் சீனியும் தேங்காய்ப்பூவும். அவளுக்கு மனப்பயிற்சி சொல்லிக் கொடுப்பதற்கு முன், அவளின் கோப்பையை மற்றவர்களின் கோப்பையோடு ஒரே நேரத்தில் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கோ. மூத்த பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம்.

பாலைநிழல்:
இதைத்தான் தாளின் முதல் பக்கத்தில் போடவேண்டும். பொதிக் கணக்கும் தாயின் கோப்பையும். என் ஐந்து நேர அட்டவணை இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும்.

நந்திக்கடலோரம்:
ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில், ஆசை எழும்பும் நேரத்தில் என்ன செய்வது என்பதும் வேணும். முதலில் ஒரு கேள்வி: "இப்ப பழஞ்சோறும் வெங்காயமும் தந்தால் சாப்பிடுவேனா?" ஆம் என்றால் பசி, உடனே சாப்பிடவேணும், தள்ளிப்போடக் கூடாது. இல்லை, மிக்சர்தான் வேணும், சொக்லேற்றுத்தான் வேணும் என்றால் வந்திருப்பது பெரும்பாலும் பதற்றம்.

பதற்றம் என்றால் தடை போடாமல் பதினைந்து நிமிடம் தவணை கேளுங்கோ. அந்த ஆசை ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். குசினிக்குள் நின்றபடி காத்திருப்பதுதான் வழமையாகப் பிழைக்கிற இடம். வெளியே வந்து கைக்கு வேலை கொடுக்கவேணும்: கீரை ஆய்வது, கிணற்றில் நான்கு வாளி அள்ளி வாழைக்கு ஊற்றுவது, ஓலை கிழிப்பது. பதினைந்து நிமிடம் கழித்தும் வேணும் என்றால் சாப்பிடட்டும், ஆனால் பெட்டியோடு இல்லை. ஒரு சின்னக் கோப்பையில் எடுத்து, பெட்டியை மூடி உயரத்தில் வைத்து, இருந்து, ரீவி இல்லாமல். சாப்பிட்ட பிறகு தன்னைத் திட்டிக்கொள்ள விடக்கூடாது. திட்டினவர் அடுத்த நேரச் சாப்பாட்டை விடுவார், விட்டவர் இரவு திரும்ப அள்ளுவார்.

மூச்சுப் பயிற்சி: மூக்கால் நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். பலமாக இழுத்து விட்டால் விரல் விறைக்கும், தலை சுற்றும், ஆள் இன்னும் பயப்படுவார், அது கரியமிலவாயு தேவைக்கு மேல் வெளியே போவதால். மெதுவாக, தோள் உயராமல். இன்னுமொன்று, எங்கள் பக்கத்துக்கு இது கட்டாயம்: கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கண்ணை மூடினால் பங்கரும் ஷெல்லும் வருகிற ஆட்கள் உண்டு. கண் திறந்தபடி, வெறும் காலை நிலத்தில் ஊன்றி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளின் பெயர், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று சத்தம், மணக்கும் இரண்டு, நாக்கில் ஒன்று. சத்தமாகவே சொல்லலாம்.

தொற்று எண்ணிக்கைச் செய்தி நாளைக்கு ஒரு தரம், பின்னேரம் ஆறு மணிக்கு முன். வைபர் குழுமத்தில் வரும் மரண அறிவித்தலைப் படுக்கையில் பார்க்கவேண்டாம்.

எழுதப் பழக்கமில்லாதவர்களுக்கு நாட்குறிப்பு வேண்டாம். கலண்டரில் பசித்துச் சாப்பிட்டதற்கு வட்டம், பதறிச் சாப்பிட்டதற்குக் குறுக்குக் கோடு. இரண்டு கிழமையில் எந்த நேரத்தில் கோடு கூடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு ஆளோ ஒரு வேலையோ முன்கூட்டியே வைக்கலாம்.

வவுனிக்குளத்தாள்:
பிள்ளையளைப் பற்றியும் ரெண்டு வரி போடுங்கோ. அழுதால் ரொபி குடுக்கிறது, ஒன்லைன் வகுப்புக்கு இருந்தால் பிஸ்கற் குடுக்கிறது, இரண்டையும் நிப்பாட்டவேணும். வகுப்பு முடிஞ்ச பிறகு, மேசையில. "உருண்டுபோனாய்" எண்டு சொந்தக்காரர் சொல்லுறதையும் நிப்பாட்டவேணும். பொம்பிளைப்பிள்ளையள் அதைக் கேட்டுப்போட்டுச் சாப்பாட்டையே விடுவினம்.

மருந்துப்பெட்டி:
எப்போது உதவி தேடுவது என்பதும் வரவேண்டும். கட்டுப்பாடே இல்லாமல், இரண்டு மணிநேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிகக் கூடுதலாக, கிழமைக்கு ஒரு தரமாவது, மூன்று மாதமாக நடந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். மறுபக்கமும் உண்டு: பதற்றத்தில் ஒன்றும் இறங்காமல் மெலிகிறவர்கள். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, நெஞ்சு படபடத்தால் தைரொயிட் சோதிக்கவேண்டும். கிராமத்துக் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தொடங்கலாம், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், பக்கத்தில் இருந்தபடியே அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கவேண்டும்.

கனகராயன்:
முதல் பக்கம்: பொதிக் கணக்கு, தாயின் கோப்பை, அம்மம்மாவின் ரின். இரண்டாம் பக்கம்: நேர அட்டவணை, பழஞ்சோற்றுக் கேள்வி, பதினைந்து நிமிடம், கலண்டர், 1926, 1990. நீரிழிவுப் பெட்டி நடுவில், கறுத்தக் கோடு போட்டு. அதில் "சீனித் தண்ணீர்: 3 கரண்டி" என்று எழுதியிருக்கிறேன். வேறு ஏதாவது?

மருந்துப்பெட்டி:
"தேக்கரண்டி" என்று முழுதாக எழுதுங்கள் தம்பி, கரண்டி என்றால் சிலர் மேசைக்கரண்டியால் போடுவார்கள். பெட்டியின் தலைப்பில் "இன்சுலின், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்களுக்கு" என்று மருந்தின் பெயரைப் போடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்காதவர்களும் மாத்திரை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதனால் அந்த மூன்று பெயரையும் அட்டையில் உள்ளதுபோல ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் அச்சிடுங்கள்.